முத்துக்குளித்துறைக் கடற்கரையில் அருங்காட்சியகத் தீப்பாதுகாப்பு

பெரிய அருங்காட்சியகத்தின் தீப்பாதுகாப்பு வடிவமைப்புக்கு இரண்டு வேலைகள் உண்டு. உள்ளே இருக்கும் மனிதர்களைப் பத்திரமாக வெளியே அனுப்புவது ஒன்று. வெளியே எடுத்துச் செல்ல முடியாத பொருள்களை உள்ளேயே காப்பாற்றுவது இன்னொன்று. முதல் வேலைக்கான விதிகள் தெளிவாகவே உள்ளன. தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016-இன் நான்காம் பகுதி, மக்கள் கூடும் கட்டடங்களுக்கான வெளியேறும் வழி, கதவு, படிக்கட்டு, தண்ணீர் இருப்பு ஆகியவற்றை அளவோடு சொல்கிறது. இரண்டாவது வேலைக்கு அந்தத் தொகுப்பு போதாது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2017-இல் வெளியிட்ட அருங்காட்சியகங்களுக்கான வழிகாட்டு நெறிகளும், அமெரிக்காவின் என்.எஃப்.பி.ஏ. 909 விதிமுறையும் அந்த இடைவெளியைப் பெருமளவு நிரப்புகின்றன. ஆனால் இவை இரண்டும் உப்புக் காற்று வீசும் ஒரு கடற்கரையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை அல்ல.

முத்துக்குளித்துறைக் கரையிலுள்ள தூத்துக்குடி மாவட்டத்துக்கு இப்போது இந்தப் பாடம் தேவைப்படுகிறது. ஆதிச்சநல்லூரில் அகழ்வுக்குழிகளை அப்படியே காட்டும் கள அருங்காட்சியகத்துக்கு 2023 ஆகஸ்ட் 5 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கை அகழாய்வுப் பொருள்களுக்காகத் திருநெல்வேலியை அடுத்த ரெட்டியார்பட்டி மலைப் பகுதியில் பொருநை அருங்காட்சியகம் எழுந்துள்ளது. துறைமுகம், தோணி, முத்துக்குளிப்பு, உப்பளம் என்று கடல் வாழ்வைக் காட்டும் கூடங்கள் இந்தக் கரையில் இனி எழுந்தால், அவற்றுக்கும் இதே கணக்குத்தான்.

எது எரியும், எது கெடும்

வடிவமைப்பாளர் முதலில் கேட்க வேண்டியது கட்டடத்தின் பரப்பளவை அன்று, உள்ளே வரப்போகும் பொருள்களின் பட்டியலை. சுட்ட மண் தாழி தீயில் எரியாது. ஆனால் அதைச் சூழ்ந்த பிளைவுட் பீடம், தெர்மோகோல் மாதிரி, வெல்வெட் துணி, அக்ரிலிக் மூடி எல்லாம் எரியும். பல கூடங்களில் எரியக்கூடியவற்றுள் பெரும்பங்கு தொல்பொருள் அன்று, அதைக் காட்டுவதற்காகச் செய்த அலங்காரம்தான். முழு அளவுத் தோணி ஒன்றை மண்டபத்தில் நிறுத்தினால் கணக்கு மாறிவிடும். எண்ணெய் குடித்த பழைய மரம், குங்கிலியம் பூசிய இடுக்குகள், தென்னை நார்க் கயிறு, பாய்த்துணி எல்லாம் சேர்ந்து அந்த மண்டபமே ஒரு மரக்கிடங்குக்குச் சமமாகிவிடும். அப்படிப்பட்ட மண்டபத்தைக் காட்சிக்கூடம் என்று வகைப்படுத்திக் குறைந்த நீரடர்த்திக்கு ஸ்பிரிங்க்ளர் அமைப்பது தவறு.

கல் கட்டடம் தீக்கு அஞ்சாது என்ற நம்பிக்கை தமிழ்நாட்டில் ஆழமாக வேரூன்றியது. 2018 பிப்ரவரி 2 இரவு மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் கடைகளில் பற்றிய தீ அந்த நம்பிக்கையை உடைத்தது. தூண்கள் வெடித்தன, மேற்கூரையின் ஒரு பகுதி சரிந்தது. கருங்கல்லில் உள்ள குவார்ட்ஸ் 573 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது திடீரென்று விரிவடைந்து கல்லைப் பிளக்கும். அங்கே எரிந்தது கல் அன்று, கடைச்சரக்கு. அருங்காட்சியகத்தில் அதற்கு நிகரான இடம் நினைவுப்பொருள் கடையும் சிற்றுண்டிச்சாலையும். இரண்டையும் காட்சிக்கூடங்களிலிருந்து இரண்டு மணி நேரம் தாங்கும் சுவரால் பிரிப்பதுதான் முறை. தனிக் கட்டடமாகவே வைத்துவிட்டால் இன்னும் நல்லது.

தீ தொடாத பொருளைப் புகை தொட்டுவிடும். முத்துக் கரைக்கு இதைவிட முக்கியமான செய்தி இல்லை. முத்தும் சிப்பியும் சங்கும் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். முத்தின் படலங்களை இடையிடையே ஒரு புரதப்பொருள் பிணைத்திருக்கிறது. மிதமான சூட்டிலேயே அந்தப் புரதம் பழுப்பேறும், ஒளி மங்கும். கால்சியம் கார்பனேட்டுக்கு அமிலம் ஆகாது. சாதாரண மின்கம்பியின் மேலுறை பி.வி.சி.; தூய பி.வி.சி.யின் எடையில் பாதிக்கு மேல் குளோரின் உள்ளது. அது எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு வாயு கிளம்பி, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து ஹைட்ரோகுளோரிக் அமிலமாகப் படியும். பக்கத்து அறையில் ஒரு கேபிள் தட்டு எரிந்தால் போதும், பூட்டிய கூடத்தில் இருக்கும் முத்தின் மேற்பரப்பு அரிக்கப்படக்கூடும். ஆதிச்சநல்லூர் வகை வெண்கலத்துக்கும் இரும்புக்கும் குளோரைடு அதைவிடக் கொடியது. தீ அணைந்து பல மாதம் கழித்தும் உள்ளிருந்து அரித்துக்கொண்டே இருக்கும்.

ஆகவே இந்தக் கரையில் கட்டும் அருங்காட்சியகத்தில் ஹாலஜன் இல்லாத, புகை குறைந்த மேலுறை கொண்ட கேபிள்களைத்தான் பயன்படுத்த வேண்டும். விலை சற்றுக் கூடும். அதைப் பார்த்து ஒப்பந்தப்புள்ளியில் இந்த வரியை அடித்துவிடுவது வழக்கமாக இருக்கிறது. அடிக்கக் கூடாத வரி இது. கேபிள் தீ எவ்வளவு பெரிதாகும் என்பதை அறியத் தொலைவு போக வேண்டியதில்லை. 2025 மார்ச்சில் தூத்துக்குடி அனல் மின் நிலையத்தில் கேபிள்களில் பரவிய தீ இரண்டு அலகுகளைச் செயலிழக்கச் செய்தது.

அறைக்குள் அடக்குதல்

தீ ஓர் அறையில் தொடங்கினால் அந்த அறையோடு நிற்க வேண்டும். மற்ற ஏற்பாடுகள் எல்லாம் இதற்குத் துணை. சுவர், தளம், கதவு மூன்றும் ஒரே கால அளவு தாங்குபவையாக இருக்க வேண்டும். இரண்டு மணி நேரச் சுவரில் சாதாரண மரக்கதவு பொருத்தினால் அது கால் மணி நேரச் சுவர்தான். பார்வையாளர் நடமாட்டத்துக்காகத் திறந்தே இருக்க வேண்டிய கதவுகளை மின்காந்தப் பிடியில் நிறுத்தலாம். அலாரம் அடித்ததும் பிடி விட்டுக் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். கதவிடுக்கில் கட்டையோ நாற்காலியோ வைத்துத் திறந்து வைக்கும் பழக்கம் நம்மூரில் எங்கும் உண்டு. காந்தப் பிடி அந்தப் பழக்கத்துக்கு இடம் வைக்காது.

சுவரைத் துளைத்துச் செல்லும் குழாய், கேபிள், ஏ.சி. டக்ட் ஆகியவைதாம் அசல் பலவீனம். ஏ.சி. டக்ட்டில் தீத்தடுப்பு மடலும், கேபிள் துளையில் சூட்டில் உப்பி அடைக்கும் பூச்சும் தேவை. துளை அடைத்தபின் ஒவ்வொன்றையும் எண்ணிட்டுப் படமெடுத்து ஆவணப்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து சி.சி.டி.வி. கம்பி இழுக்க வருபவர் புதிய துளை போட்டுவிட்டுப் போவார்; யாருக்கும் தெரியாது. ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே சுவர் நின்றுவிடாமல் கூரைத் தளம் வரை எழும்பியிருக்கிறதா என்பதையும் ஏணி வைத்து ஏறிப் பார்க்க வேண்டும்.

பழைய கட்டடத்தை அருங்காட்சியகமாக மாற்றும்போது இந்த வேலை கடினமாகும். தூத்துக்குடி கடற்கரைச் சாலையை ஒட்டிய பழைய வணிகக் கட்டடங்களைப் போன்றவற்றில் மர உத்தரங்கள் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரைகள் இருக்கக்கூடும். சென்னை எழிலகம் வளாகத்தின் பழைய கலச மகாலில் 2012 ஜனவரியில் தீப்பிடித்தபோது கட்டடத்தின் பகுதிகள் சரிந்து ஒரு தீயணைப்பு அலுவலர் உயிரிழந்தார். மர உத்தரக் கூரைக்கு அடியில் ஸ்பிரிங்க்ளர் பொருத்துவது பாரம்பரியத்தைக் கெடுக்கும் என்ற வாதம் அடிக்கடி எழுகிறது. கூரையே போய்விட்டால் பாரம்பரியமும் கூடப் போய்விடும் என்பதுதான் அதற்கு விடை.

சாராய மாதிரிகள்

கடல் உயிரினங்களைக் காட்டும் கூடத்துக்குத் தனிக் கவனம் வேண்டும். மீன், கடல் அட்டை, சிப்பி உயிரி ஆகியவற்றை ஃபார்மலினிலோ 70 சதவீத எத்தனாலிலோ கண்ணாடிச் சாடிகளில் ஊற வைத்து வைப்பது வழக்கம். அந்தச் செறிவிலுள்ள எத்தனாலின் ஆவி ஏறத்தாழ 17 டிகிரி செல்சியஸிலேயே தீப்பொறியில் பற்றும். தூத்துக்குடியில் மார்கழி விடியற்காலையிலும் வெப்பநிலை அவ்வளவு இறங்குவது அரிது. குளிர் நாட்டு அருங்காட்சியகம் குளிரூட்டி ஓரளவு பாதுகாப்பாக வைக்கும் சாடி, இங்கே மின்தடை நீடித்தாலே ஆபத்து எல்லைக்குள் வந்துவிடும்.

இந்தச் சேமிப்பறை முதன்மைக் கட்டடத்துக்கு வெளியே தரைத்தளத்தில், வெளிச்சுவரில் திறக்கும் கதவோடு அமைய வேண்டும். எத்தனால் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழும். எனவே காற்று வெளியேற்றி தரைமட்டத்தில் இருக்க வேண்டும். சாடிகள் உடைந்தால் திரவம் வாசல் தாண்டாதபடி உயரமான நிலைப்படி வேண்டும். விளக்கு, சுவிட்ச், மின்விசிறி எல்லாம் தீப்பொறி வெளிவராத வகை. பொதுமக்கள் பார்க்கும் கூடத்தில் சில சாடிகள் மட்டும் போதும். நூற்றுக்கணக்கான சாடிகளைக் கண்ணாடிச் சுவராக அடுக்கிக் காட்டும் வடிவமைப்பு இப்போது உலகெங்கும் பிரபலம். அதை இங்கே செய்பவர் அந்தக் கூடத்தையே எரிபொருள் கிடங்காகக் கருதிப் பாதுகாப்பு அமைக்க வேண்டும்.

புகையை அறிதல்

டெல்லி தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 2016 ஏப்ரல் 26 அதிகாலையில் எரிந்து போனது. 1978-இல் தொடங்கிய அந்த அருங்காட்சியகம் இன்னொரு அமைப்பின் கட்டடத்தில் பல தளங்களில் இயங்கியது. கட்டடத்தின் தீயணைப்பு ஏற்பாடுகள் செயல்படவில்லை என்று தீயணைப்புத் துறையினர் அப்போதே சொன்னார்கள். அருங்காட்சியகத் தீ பெரும்பாலும் ஆளில்லாத நேரத்தில் வளர்வது. அதனால் அறிதல் ஏற்பாட்டின் தரம்தான் இழப்பின் அளவைத் தீர்மானிக்கிறது.

அறையின் மேலே ஒரு புகை உணர்வி என்ற வழக்கமான ஏற்பாடு உயர்ந்த மண்டபங்களில் ஏமாற்றும். பங்குனி, சித்திரை வெயிலில் உலோகக் கூரைக்கு அடியில் சூடான காற்று மெத்தை போலத் தேங்கும். தொடக்கநிலைத் தீயின் மெல்லிய புகைக்கு அதைத் துளைத்து மேலேற வலுவில்லை. பாதி உயரத்தில் படர்ந்து நிற்கும். கூரையிலுள்ள உணர்விக்கு எதுவும் தெரியாது. அதனால் கூரையில் ஒரு வரிசையும், இடை உயரத்தில் சுவருக்குச் சுவர் ஒளிக்கற்றை பாய்ச்சும் உணர்விகளும் தேவை. விலைமதிப்புள்ள கூடங்களிலும் சேமிப்பறைகளிலும் மெல்லிய குழாய்கள் வழியே காற்றை உறிஞ்சிச் சோதிக்கும் வகை மிகவும் பொருத்தம். கண்ணுக்குப் புகை தெரியுமுன் அது சொல்லிவிடும். இந்திய நிறுவல் முறைகளுக்கு ஐ.எஸ். 2189 வழிகாட்டுகிறது.

இந்த ஊர்க் காற்றில் உப்பும், துறைமுகப் பக்கம் நிலக்கரித் தூசியும் உண்டு. உறிஞ்சும் வகைக் கருவியின் வடிகட்டி வெளிநாட்டுக் கையேடு சொல்லும் கெடுவுக்கு முன்பே அடைத்துக்கொள்ளும். தூசியால் தவறான அலாரம் இரண்டு மூன்று முறை அடித்தால் இரவுக் காவலர் ஒலியை நிறுத்தி வைத்துவிடுவார். அதன்பின் அந்த ஏற்பாடு இருந்தும் இல்லாததுதான்.

கட்டுப்பாட்டுப் பலகையில் தெரியும் சொற்களும் வடிவமைப்பைச் சேர்ந்தவையே. 2019 ஏப்ரல் 15 அன்று பாரிஸ் நோத்ருதாம் தேவாலயத்தில் முதல் அலாரம் அடித்தபோது, எந்த இடம் என்பது தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டு ஊழியர் வேறிடத்தைத் தேடினார். அரை மணி நேரத்துக்கு அருகில் வீணாயிற்று, கூரை போயிற்று. பலகையில் மண்டல எண்ணும் ஆங்கிலச் சுருக்கமும் இருந்தால் இங்கேயும் அதுவே நடக்கும். ‘மேல்தளம் – முத்துக்கூடம் – வடக்குச் சுவர்’ என்று தமிழில் தெரிய வேண்டும். பக்கத்தில் வரைபடம் மாட்டியிருக்க வேண்டும்.

நீரும் வாயுவும்

அருங்காட்சியக அலுவலர்கள் தீயைவிடத் தண்ணீருக்கு அதிகம் அஞ்சுவதுண்டு. ஒரு ஸ்பிரிங்க்ளர் தலை நிமிடத்துக்குச் சுமார் 100 லிட்டர் தெளிக்கும். தீயணைப்பு வீரரின் குழாய் அதைப்போல நான்கைந்து மடங்கு பாய்ச்சும். சூடு எட்டிய தலை மட்டுமே திறக்கும். சினிமாவில் காட்டுவது போலக் கட்டடம் முழுக்க மழை பொழியாது. சிவப்புக் குமிழ் 68 டிகிரி செல்சியஸில் உடையும். கண்ணாடிக் கூரைக்கு அடியில் வெயிலைக் கணக்கில் கொண்டு 79 டிகிரியின் மஞ்சள் குமிழ் பொருத்தலாம். உணர்வியும் குமிழும் இரண்டும் உறுதிசெய்தால்தான் தண்ணீர் வரும் இரட்டைப் பூட்டு முறை, தற்செயலான கசிவுக்கு அஞ்சுவோருக்கு நல்ல விடை. ஆனால் வெறுமையாக இருக்கும் குழாயில் ஈரம் தேங்கி உட்புறம் துருப்பிடிக்கும். இந்தக் கரையில் குழாய்க்குள் நைட்ரஜன் நிரப்பி வைப்பது நல்லது.

பனையோலைச் சுவடிக்கு ஓலை காய்ந்த எரிபொருள் என்பதால் தீ பெரும் ஆபத்து. தண்ணீர் அவ்வளவு இல்லை. எழுத்தாணியால் கீறிய எழுத்தும் அதில் படிந்த விளக்குக் கரியும் நீரில் கரைவதில்லை. உடனே உலர்த்தினால் பெரும்பாலும் மீட்டுவிடலாம். மை கொண்டு எழுதிய துறைமுகப் பதிவேடுகளுக்கு அந்தச் சலுகை கிடையாது.

சிறிய, இறுக்கமாக மூடக்கூடிய பெட்டகங்களுக்கு வாயு முறை ஏற்றது. நைட்ரஜன், ஆர்கான் கலவைகள் பொருளின் மேல் எதையும் படியவிடாதவை. ஃபுளோரின் கலந்த வாயுக்கள் தீயின் சூட்டில் சிதைந்து ஹைட்ரஜன் ஃபுளோரைடை விடக்கூடும். முத்தும் சங்கும் இருக்கும் பெட்டகத்துக்கு அவற்றைத் தேர்ந்தெடுப்பது அறிவுடைமை அன்று. மனிதர் நடமாடும் இடத்தில் கார்பன் டை ஆக்சைடு நிரப்பும் முறை கூடவே கூடாது, அது உயிரைக் கொல்லும். வாயு முறை எதுவானாலும் கதவிடுக்கு வழியே வாயு கசியாமல் தங்குகிறதா என்று விசிறி வைத்துச் சோதிக்க வேண்டும்.

தண்ணீர்த்தொட்டி, பம்ப், வெள்ளம்

ரியோ டி ஜனீரோவின் பிரேசில் தேசிய அருங்காட்சியகம் 2018 செப்டம்பர் 2 அன்று எரிந்தபோது அருகிலிருந்த ஹைட்ரண்ட்டுகளில் போதிய தண்ணீர் இல்லை. ஏறத்தாழ இரண்டு கோடிப் பொருள்களைக் கொண்ட சேகரிப்பின் பெரும்பகுதி அழிந்தது. தரைத்தள அரங்கின் ஏ.சி. கருவியில் தொடங்கியது என்று விசாரணை சொன்னது. ஊர்க்குழாயை நம்பித் தீயணைப்பைத் திட்டமிடக் கூடாது என்பது தூத்துக்குடிக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தீக்கான தண்ணீர் தனித்தொட்டியில், வேறு வேலைக்கு எடுக்க முடியாதபடி இருக்க வேண்டும். கடல் நீர் பக்கத்திலேயே இருப்பதால் அதை இறைக்கலாம் என்று ஒரு யோசனை அவ்வப்போது எழும். உலோகத் தொல்பொருளுக்கும் குழாய்க்கும் அது விஷம். கடைசி வழியாக மட்டுமே, கட்டடத்தின் வெளிப்புறத்துக்கு மட்டுமே.

பம்ப் அறையை அடித்தளத்தில் வைப்பது நகரங்களில் வழக்கம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை பெய்தது. தூத்துக்குடி நகரின் பல பகுதிகள் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன. திருச்செந்தூர் விரைவு ரயிலின் பயணிகள் ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கிக்கொண்டார்கள். ஆதிச்சநல்லூர் அங்கிருந்து அதிக தூரமில்லை. அப்படிப்பட்ட நாளில் மின்கசிவால் தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டி வந்து சேராது, மின்சாரமும் இருக்காது, அடித்தள பம்ப் மூழ்கியிருக்கும். எனவே பம்ப், டீசல் எஞ்சின், கட்டுப்பாட்டுப் பெட்டி மூன்றும் அந்த வெள்ளத்தின் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். இந்தப் பகுதியில் வேறெந்த விதியையும் விட இது முதன்மையானது.

வெளிப்புற வால்வுகள் கன்மெட்டலிலும், தாங்கிகள் 316 வகைத் துருவுறா எஃகிலும் இருக்க வேண்டும். 304 வகை கடலோரத்தில் புள்ளி புள்ளியாக அரிக்கும். தீயணைப்பான் உருளையின் அடிப்பகுதியைத் தரையில் ஊன்றாமல் சுவரில் மாட்ட வேண்டும். உப்புத்தரை ஈரத்தில் முதலில் துருப்பிடிப்பது அந்த அடிப்பாகம்தான்.

வெளியேறும் வழி

எந்த இடத்திலிருந்தும் வெளியேறும் வாசலுக்கு நடக்கும் தொலைவு, கூடும் கட்டடங்களுக்கு 30 மீட்டர் என்ற விதித்தொகுப்பின் அளவைக் காட்சி அடுக்குகளைச் சுற்றி நடக்கும் பாதையில் அளக்க வேண்டும், நேர்கோட்டில் அன்று. முட்டுச்சந்தாக முடியும் நடைபாதை 6 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. தங்கமும் முத்தும் இருக்கும் இடத்தில் காவல் அதிகாரி எல்லா வாசலையும் பூட்டச் சொல்வார், தீயணைப்பு அலுவலர் எல்லாவற்றையும் திறக்கச் சொல்வார். உள்ளிருந்து அழுத்தினால் திறந்து உடனே அலாரம் எழுப்பும் பட்டைக் கதவு இருவரையும் சமாதானப்படுத்தும். சாவி காவலரின் இடுப்பில் தொங்கும் ஏற்பாட்டை ஒருபோதும் ஏற்கக் கூடாது.

தீயணைப்பு வண்டி கட்டடத்தைச் சுற்றி வர 6 மீட்டர் அகலப் பாதை தேவை. ஆகஸ்ட் 5-இல் நிறைவுறும் பனிமய மாதா திருவிழா நாள்களில் நகரத் தெருக்கள் நிரம்பும். வண்டி எந்த வழியாக வரும் என்பதைத் தீயணைப்பு நிலையத்தோடு முன்கூட்டியே பேசி முடிவு செய்ய வேண்டும்.

பராமரிப்பும் தீக்குப் பின்னும்

பராமரிப்பில் இரண்டே காரியங்கள் விட்டுப்போகக் கூடாதவை. வாரம் ஒருமுறை பம்பை ஓட்டிப் பார்ப்பது. வெல்டிங் வேலைக்கு எழுத்து அனுமதி தந்து, வேலை முடிந்து ஒரு மணி நேரமாவது ஆள் நிறுத்திப் பார்ப்பது. மற்றவை ஒப்பந்தக்காரரின் பட்டியலில் இருக்கும்.

முதலில் எதைக் காப்பாற்றுவது என்ற பட்டியலைக் காப்பாட்சியர் தயாரித்து, ஒவ்வொரு கூடத்துக்கும் ஐந்து பத்துப் பொருள்களுக்கு மேல் போகாமல், படத்தோடும் இடத்தோடும் உறையிட்டு நுழைவாயிலில் வைக்க வேண்டும். உள்ளே போகும் தீயணைப்பு வீரருக்குத் தொல்லியல் தெரியாது. எந்தப் பேழை, எத்தனை பேர் தூக்க வேண்டும், எந்தச் சாவி என்பதுதான் தேவை.

நனைந்த காகிதத்தில் இந்த ஈரக்காற்றில் இரண்டு நாளுக்குள் பூஞ்சை பிடித்துவிடும். அதற்குள் அதை உறைய வைத்துவிட்டால் உலர்த்தும் வேலையை மாதக்கணக்கில் நிதானமாகச் செய்யலாம். இதற்கான உறைபதன வசதி பல ஊர்களில் கிடைக்காது. தூத்துக்குடியில் இறால், மீன் ஏற்றுமதி நிலையங்களில் அது நிறைய உண்டு. பதிவேடுகளைப் பாலித்தீன் உறையிலிட்டுத் தனி அறையில் மீன் வாடை படாமல் வைக்க ஒரு நிலையத்தோடு முன்னமே எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்வது, அருங்காட்சியகம் திறக்கும் முன்பே முடிக்க வேண்டிய வேலை.